பிரசவ அறையில் ஒரு தாய்மொழி

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்து இந்தச் சிற்றூரின் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 1068ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலை மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமாக இங்கே 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுத்த அந்தப் பட்டியலில், மருந்து தயாரித்துக் கொடுத்து நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்களும் இடம்பெறுகிறார்கள்.

நோயாளியின் பக்கத்தில் இருப்பதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று சோழர் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரசவத்தில் இந்தத் துணையின் அருமை தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப்போவதே அதற்காகத்தான். வீட்டில் மருத்துவச்சி பிரசவம் பார்த்த நாட்களில் அம்மாவோ அத்தையோ இடுப்பைத் தேய்த்துவிட்டபடி கூடவே இருந்தார்கள். பிரசவம் மருத்துவமனைக்கு மாறியபோது உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதே நேரம், அந்த அம்மாவும் அத்தையும் லேபர் வார்டு கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன.

துணை இல்லாத இந்தக் குறையை நாட்டிலேயே முன்கூட்டி உணர்ந்த மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உடனிருக்கும் திட்டம் 2004லேயே இங்கே தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் நாடு முழுக்க இதை அனுமதித்தது. துணைக்கு வருபவர் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது என்பவை நிபந்தனைகள். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பிரசவிக்கும் பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

ஆனால் இந்தத் திட்டம் ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கூப்பிடும் தூரத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி இருப்பாள் என்பதுதான் அது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இனி அதை அப்படியே நம்ப முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைச் சுற்றி பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் எனப் பல மாநிலத்தவர் குடியேறியிருக்கிறார்கள். செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு இங்கே இடுப்புவலி எடுத்தால், அவளுடைய அம்மா பலாங்கீரில் இருப்பார். கணவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழும் பெண் துணைக்கு மட்டுமே இடமுள்ள லேபர் வார்டு வாசலோடு நின்றுவிடும். “முக்கும்மா” என்று செவிலியர் சொல்வது அவளுக்குப் புரியாது. அவள் எங்கே வலிக்கிறது என்கிறாள் என்பது செவிலியருக்குப் புரியாது.

இதே சிக்கலை வேறொரு சமூகம் எப்படிச் சமாளித்தது என்று பார்ப்பது பயன்படும். 1991இல் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்ட சோமாலியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸும் சியாட்டிலும், சுவீடனின் நகரங்களும் என அவர்கள் குடியேறிய இடங்களில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. இருந்தும் சோமாலியப் பெண்கள் பிரசவ அறையை அச்சத்தோடுதான் அணுகினார்கள். சிசேரியன் என்றால் உயிருக்கு ஆபத்து, அதன்பின் அதிகப் பிள்ளைகள் பெற முடியாது என்ற பயம் பலருக்கு இருந்தது. குழந்தை பெருத்துவிட்டால் அறுவை சிகிச்சை வந்துவிடுமென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. குழந்தை பெரிதானால் பிரசவம் கஷ்டம் என்று கர்ப்பகாலத்தில் உணவைக் குறைக்கும் வழக்கம் தென்னிந்தியக் கிராமங்களிலும் பதிவாகியிருக்கிறது. சிறுவயதில் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு ஆளான சோமாலியப் பெண்களுக்கோ, மூடிய தழும்பை எப்போது, எப்படித் திறப்பார்கள் என்ற கேள்வி இருந்தது. அதை அந்நிய மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை.

இந்த இடைவெளியில் வந்தவர்கள்தான் சோமாலி பேசும் டூலாக்கள். டூலா மருத்துவச்சி அல்ல. மருந்து கொடுப்பதில்லை, உள்பரிசோதனை செய்வதில்லை. பிரசவத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பயங்களைக் கேட்டறிகிறார். வலி எடுத்தபின் முதுகைத் தேய்த்துவிடுகிறார், நடக்க வைக்கிறார், மருத்துவர் செய்யப்போவதைச் சோமாலியில் முன்கூட்டிச் சொல்கிறார். குழந்தை பிறந்தபின் தாய்ப்பால் புகட்டப் பழக்குகிறார். மொழிபெயர்ப்பாளர் பேச்சு முடிந்ததும் போய்விடுவார். டூலா கடைசிவரை இருக்கிறார். சியாட்டிலில் ‘ஓப்பன் ஆர்ம்ஸ்’ என்ற அமைப்பு சோமாலியக் குடும்பங்களுக்கு இந்தச் சேவையை அளித்துவருகிறது. சோமாலியர் பெருமளவில் வாழும் மினசோட்டா மாநிலம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து டூலாக்களுக்கு ஊதியம் தர 2013இல் சட்டம் இயற்றியது.

இதன் பலனுக்குச் சான்று இருக்கிறதா? 17 நாடுகளில் 15,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இருக்கிறது என்கிறது. தொடர்ந்து ஒருவர் உடனிருந்தபோது சுகப்பிரசவம் கூடியது, வலிநேரம் குறைந்தது, சிசேரியன் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஸ்டாக்ஹோமில் சோமாலி, அரபி உள்ளிட்ட மொழிகள் பேசும் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்விலோ, டூலா இருந்தும் மருத்துவமனை கவனிப்பு குறித்த ஒட்டுமொத்த மதிப்பீடு உயரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் குறைகள் அனைத்தையும் ஒரு துணைப் பெண் தனியே சரிசெய்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் தயாராகவே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் வழங்கிப் பதிவு செய்கிறோம். கிராம சுகாதார செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுயஉதவிக்குழுப் பெண்களைப் பயிற்றுவித்து ஊக்கத்தொகையுடன் சுகாதாரப் பணியில் சேர்த்தது. அதே வழியில், பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து தமிழ் பழகிய, பிள்ளை பெற்ற ஒடியா, இந்தி, வங்காளிப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பிரசவத் துணையாகப் பயிற்றுவிக்கலாம்.

முதலில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதைச் சோதித்துப் பார்க்கட்டும். பிரசவத்துக்கு இவ்வளவு என்று ஊதியமும் நிர்ணயிக்கட்டும். தொழிலாளர்களை வரவழைக்கும் நிறுவனங்களும் சூளை உரிமையாளர்களும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும். நம் ஊருக்கு உழைக்க வந்த பெண்ணுக்கு, அவள் மொழியில் பேசும் ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தும் கடமை நமக்கு உண்டு. அரசு இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.