மலை கடக்கும் எக்ஸ்-ரே படங்கள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கு நோக்கி வளைந்து ஏறும் மலைப்பாதை, தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் இடத்தில் கம்பம்மெட்டு அமைந்துள்ளது. அதற்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஏலமலைப் பிரதேசம் பரந்து கிடக்கிறது. கம்பம், உத்தமபாளையம் வட்டாரங்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஏலத்தோட்ட வேலையின்பொருட்டு இம்மலையை ஏறி இறங்குவது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வருகிறது.

தொழிலாளர் எளிதில் கடக்கும் இவ்வெல்லையை அவர்களுடைய மருத்துவக் குறிப்புகள் எப்போதும் கடப்பதில்லை. தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் ஒருவர் இருமலும் காய்ச்சலும் கண்டு, நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ மார்புப் படம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழித்து ஊர் திரும்பும் அவர், கம்பத்திலோ தேனியிலோ வேறு மருத்துவரிடம் செல்கிறார். முதற்படம் தோட்டத்துக் குடியிருப்பிலேயே தங்கிவிட்டால், இரண்டாம் மருத்துவர் பாதிக் கதையை மட்டும் படித்தவராகிறார். இதனால் சிகிச்சை தாமதமாகலாம். தேவையற்ற மருந்தும் கொடுக்கப்படலாம்.

நிழலும் அதன் பொருளும்

எக்ஸ்-ரே படம் என்பது ஒரு நிழற்படமே. எலும்பு கதிர்களைப் பெருமளவு தடுப்பதால் வெண்மையாகத் தோன்றுகிறது. காற்று நிறைந்த நுரையீரல் அவற்றை எளிதில் விடுவதால் கருமையாகத் தோன்றுகிறது. ஆழம், அகலம், உயரம் ஆகிய மூன்று பரிமாணங்களையுடைய உடல் ஒரே தளத்தில் பதிவாகும்போது, முன்னுள்ள உறுப்பும் பின்னுள்ள உறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

இதனை ஆசிரியர்கள் வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். விளக்கொளியில் ஒரு நாணயத்தை நேராகப் பிடித்தால் சுவரில் வட்ட நிழல் விழும். பக்கவாட்டில் திருப்பினால் அதுவே ஒரு கோடாகும். ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்த இரு நாணயங்கள் ஒரே நிழலைத் தரும். நிழலைக் கொண்டு பொருளை அறிவதில் உள்ள இடர்ப்பாட்டை மாணவர் இதனால் உணர்வர்.

நுரையீரலின் மேற்பகுதியில் தோன்றும் வெண்திட்டு, நடப்பிலுள்ள காசநோயாக இருக்கலாம். முன்னரே ஆறிப்போன காசநோயின் வடுவாகவும் இருக்கலாம். நிமோனியாவாகவோ கட்டியாகவோ இருக்கவும் கூடும். இவற்றைப் பிரித்தறிய மிகவும் உதவுவது பழைய படமாகும். ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கும் திட்டு பெரும்பாலும் வடுவாகவே இருக்கும். மூன்று மாதங்களில் வளர்ந்துவிட்ட திட்டோ உடனடியான கவனத்தை வேண்டுகிறது.

பகிர்வில் பிறந்த துறை

கதிரியல் என்னும் இத்துறை, பகிர்வினாலேயே வளர்ந்தது எனலாம். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்த ரான்ட்ஜன், தம் கட்டுரையின் பிரதிகளுடன் படங்களையும் சேர்த்து, 1896ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பிற விஞ்ஞானிகளுக்கு அஞ்சலில் அனுப்பினார். தம் கண்டுபிடிப்பிற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. சில வாரங்களுக்குள்ளேயே பல நாடுகளின் மருத்துவர்கள் இக்கதிர்களைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

நம் நாட்டிலும் இம்மரபு விரைவில் வேரூன்றியது. இந்தியக் கதிரியல் சங்கம் 1931ஆம் ஆண்டிலும், சென்னையில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934ஆம் ஆண்டிலும் தோன்றின. இத்துறைக்கெனத் தனி இதழ் 1947ஆம் ஆண்டு முதல் வெளிவரலாயிற்று.

ஒருவர் கண் போதுமா?

தேர்ந்த நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டால் மற்றொருவர் பார்ப்பது வீண் என்று சிலர் கருதக்கூடும். அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் மார்புப் படங்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆராய்ச்சிகள் இக்கருத்தைத் தகர்த்தன. நோய்க்குறி உள்ள படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஒரு நிபுணரின் முடிவு மற்றொருவரின் முடிவுடன் முரண்பட்டது. அதே படங்களைச் சிறிது காலம் கழித்து மீண்டும் பார்த்த ஒரு நிபுணர், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் தம் முந்தைய முடிவுக்கே மாறான முடிவைக் கூறினார். இருவர் தனித்தனியே பார்த்துப் பின்னர் ஒப்பிடும் முறை, தவறவிடப்படும் நோய்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பதும் புலனாயிற்று.

சென்னையில் 1956ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் இவ்வகைப் படிப்பினைகளை நடைமுறையில் கையாண்டது. வீட்டிலேயே சிகிச்சை பெறுவோரையும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரையும் அந்நிலையம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. எந்த நோயாளி எங்குச் சிகிச்சை பெற்றார் என்பதை அறியாத ஒருவரே படங்களை மதிப்பிட்டார். வீட்டுச் சிகிச்சையும் தக்க பலன் தரும் என்று 1959ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது.

அந்நிலையத்தின் வழிவந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வை ஒருங்கிணைத்தது. எக்ஸ்-ரே கருவி பொருத்திய வண்டிகள் ஊர்தோறும் சென்றன. நோய்க்குறிகளை மட்டும் கேட்டறிந்து, படம் எடுக்காமல் விட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளுள் 42.6 விழுக்காட்டினர் தவறவிடப்பட்டிருப்பர் என்பது அவ்வாய்வின் முக்கியமான முடிவுகளுள் ஒன்றாகும்.

படம் பயணம் செய்யும் முறை

இன்று படம், பிலிமின் வடிவை விட்டு, எண்களின் வடிவில் சேமிக்கப்படுகிறது. வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றன் படத்தை மற்றொன்று படிக்கும் வண்ணம் ‘டைகாம்’ என்னும் பொது முறை 1993ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. ஆகவே மலைப்பகுதி மருத்துவமனையில் எடுத்த படத்தை, தொலைவிலுள்ள நகரத்து நிபுணர் சில நிமிடங்களில் பார்க்க இயலும்.

இவ்வாறு அனுப்புவதில் ஓர் எச்சரிக்கை தேவை. மூலப்படத்தில் பொதுவாக 4,096 அல்லது அதற்கும் மேற்பட்ட சாம்பல்நிற வேறுபாடுகள் பதிவாகின்றன. அதனைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப் வழியே அனுப்பினால் எஞ்சுபவை 256 மட்டுமே. சுருக்கப்படும்போது நுண்விவரங்களும் மறைகின்றன. நுரையீரல் முழுதும் தினையளவு புள்ளிகளாகப் பரவும் காசநோய் இவ்வகைப் படத்தில் கண்ணுக்குத் தப்பக்கூடும். அவசரத்தில் இம்முறை உதவலாம். இறுதி முடிவுக்கு மூலப்படமே ஆதாரமாகும்.

மார்புப் படங்களில் காசநோயின் அறிகுறிகளைக் கண்டறியும் கணினி முறைகளை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. அக்கணினி முறைகளும் மருத்துவர் பலர் பார்த்துக் குறித்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்தே தம் அறிவைப் பெற்றவை.

படத்துடன் செல்ல வேண்டியவை

தனியே செல்லும் படம் பாதிப் பயனே தரும். நோயாளியின் வயது, தொழில், இருமலின் கால அளவு, முன்பு பெற்ற சிகிச்சை ஆகியவை உடன் செல்லல் வேண்டும். அவ்வாறே, சளிப் பரிசோதனையின் முடிவும் சிகிச்சையின் விளைவும் படத்தைப் பார்த்த நிபுணருக்குத் திரும்பி வரல் வேண்டும். தாம் கூறியது சரியா தவறா என்பதை அறியாத நிபுணரின் திறன் வளர வழியில்லை. பகிர்வின் இப்பகுதியே பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

பயிற்சிக்காகப் படங்களைப் பகிரும்போது நோயாளியின் பெயரும் அடையாளங்களும் நீக்கப்படுதல் வேண்டும். டைகாம் படத்தின் உள்ளேயே இவ்விவரங்கள் பதிந்திருப்பதால், மேலே தெரியும் பெயரை மறைத்தால் மட்டும் போதாது.

பழைய படம் கிடைத்தால் சில வேளைகளில் மறுபடம் தவிர்க்கப்படுகிறது. சாதாரண மார்புப் படம் ஒன்றின் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட் அளவிலோ அதனினும் குறைவாகவோ இருக்கும். மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்றில் அது 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை ஆகலாம். இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி அளவு 2.4 மில்லிசீவர்ட் ஆகும். தேவையான ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. காரணமின்றித் திரும்ப எடுத்தலே தவிர்க்கத்தக்கது.

களப்பணியாளர் செய்யக்கூடியவை

எல்லைப்புற ஊர்களில் பணிபுரிவோர், வேலைக்குச் செல்லும் தொழிலாளரிடம் பழைய படங்களையும் அறிக்கைகளையும் குறுந்தகடுகளையும் உடன் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்தலாம். படம் எடுத்த நாள், இடம், காரணம் ஆகியவற்றை உறையின்மீது குறித்துத் தரலாம். காசநோய்ச் சிகிச்சையிலுள்ளவர் மாநிலம் மாறினால், ‘நிக்ஷய்’ பதிவு எண்ணைக் கொண்டு அவருடைய சிகிச்சையைப் புதிய இடத்திற்கு மாற்ற இயலும். அவ்வெண்ணை அவர் அறிந்திருத்தல் வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் மாணவர் வாயிலாக இச்செய்தியைத் தொழிலாளர் இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கலாம்.

இவற்றுக்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒரு பழைய உறையும் அதன்மேல் எழுதிய இரண்டு வரிகளும், மலையின் மறுபுறத்திலுள்ள மருத்துவருக்கு ஒரு நோயாளியின் முன்கதையைச் சொல்லிவிடுகின்றன.