முப்பது வயதில் மருத்துவப் படிப்பு: எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது?

கடந்த தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது, நம் கழகத்தின் செயலவைத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். புள்ளியியல் துறை, இறுதியாண்டு. முறுக்கைக் கையில் எடுத்தவர் அதைக் கடிக்காமலேயே கேட்டார்: "அக்கா, நீங்களும் இங்க கணினி அறிவியல்தானே படிச்சீங்க? அப்புறம் எப்படி டாக்டர் ஆனீங்க? எந்தெந்தப் பாடம் எடுத்தீங்க?" வந்தவர்களைக் கவனிக்கும் அவசரத்தில் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அமெரிக்க முறையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே மருத்துவம் என்பது பெரும்பாலும் இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் நான்காண்டுப் படிப்பு. பட்டம் இசையில் இருக்கலாம், வரலாற்றில் இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது இரசாயனம், கரிம இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுக்கூட வகுப்புகளோடு ஒவ்வோர் ஆண்டு படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. உயிர் இரசாயனத்தையும் புள்ளியியலையும் பல கல்லூரிகள் சேர்த்துக் கேட்கின்றன. பட்டம் பெற்ற பிறகு இந்தப் பாடங்களை மட்டும் படிக்க "போஸ்ட்-பாக்" எனப்படும் சான்றிதழ்த் திட்டங்கள் இருக்கின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் இத்தகைய திட்டத்தை 1955-இலேயே தொடங்கிவிட்டது. பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகளில் சிறு குழுவாக, முழுநேரமாக, ஏறத்தாழ ஓராண்டில் முடித்துவிடுவார்கள். ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் போன்ற இடங்களில் மாலை வகுப்புகள் உண்டு. பகலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

நான் சேர்ந்ததும் ஒரு மாலை நேரத் திட்டத்தில்தான். 2009-இல் இங்கே பட்டம் பெற்று, சில ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்து, திருமணத்துக்குப் பின் பாஸ்டன் போய்ச் சேர்ந்தேன். படிவம் ஆறில் மருத்துவ இடம் கிடைக்காத ஏக்கம் எனக்குள் அப்படியே இருந்தது. 2016 செப்டம்பரில், என் முப்பதாவது வயதில், முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

அங்கேதான் தவறு செய்தேன். வயதாகிவிட்டது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், வேலையையும் விடாமல் முதல் தவணையிலேயே பொது இரசாயனம், உயிரியல், பௌதிகம் மூன்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வுக்கூடம், தனித்தனி அறிக்கை. இரவு பதினொரு மணிக்கு ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போன நாட்கள் உண்டு. தவணை முடிவில் இரசாயனம் சி+, பௌதிகம் பி-, உயிரியல் பி.

இங்கே என்றால், "போகட்டும், மொத்த சிஜிபிஏ-வில் சரிக்கட்டிவிடலாம்" என்போம். என் நிலையில் அது எளிதாக இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் புள்ளிகளைச் சராசரியில் சேர்ப்பதில்லை. நம் பல்கலைக்கழகத்தில் நான் வாங்கிய நல்ல புள்ளிகள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த நான், அந்த மூன்று பாடங்கள் மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாடமும் 4 கிரெடிட். சி+ என்றால் 2.3, பி- என்றால் 2.7, பி என்றால் 3.0. சராசரி 2.67. இதை 3.6-க்கு உயர்த்த, அடுத்து வரும் 28 கிரெடிட்டிலும், அதாவது ஏழு பாடங்களிலும், ஏ மட்டுமே வாங்க வேண்டும். எனக்குப் பாக்கியிருந்தவையே ஏழு பாடங்கள்தாம்! ஒரு தவணையின் அவசரத்துக்கு மீதிப் படிப்பு முழுவதையும் அடகு வைத்தாயிற்று. அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன் என்பதை இப்போது எழுதுவதில் வெட்கமில்லை.

இரசாயனத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று கல்வி ஆலோசகரிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். ஆம்காஸ் கணக்கில் பழைய புள்ளி அழியாது. இரண்டு முறை எடுத்தால் இரண்டும் சேரும். தோல்வி என்றால் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். சி+ போன்ற நிலையில், அதைவிடக் கடினமான அடுத்த பாடத்தில் ஏ வாங்கிக் காட்டுவது மேல் என்பது அவர் கருத்து. அதன்படி இரண்டாம் தவணையில் பொது இரசாயனத்தின் இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்தேன். வேறெதுவும் இல்லை. ஏ கிடைத்தது.

பாடங்களை வரிசைப்படுத்துவதில் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்: இரசாயனத்திலிருந்து தொடங்குங்கள், அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். காரணம், பொது இரசாயனம் இரண்டு தவணை. அதை முடித்தால்தான் கரிம இரசாயனம், அது இரண்டு தவணை. அதன் பிறகே வழக்கமாக உயிர் இரசாயனம். ஐந்து தவணைச் சங்கிலி இது. இதில் ஒரு கண்ணி தாமதமானால் எல்லாமே தாமதமாகும். பௌதிகமும் உயிரியலும் அப்படி இல்லை. எந்த இடைவெளியிலும் நுழைக்கலாம். ஆகவே வேலை பார்ப்பவர் முதல் தவணையில் இரசாயனத்தை மட்டும் எடுங்கள். அது நன்றாக அமைந்தால் அடுத்த தவணையில் இன்னொரு பாடத்தைச் சேருங்கள். புள்ளியியல் போன்ற ஆய்வுக்கூடம் இல்லாத பாடத்தைக் கனமான தவணைக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் ஓராண்டுப் பாடத்தைச் சில வாரங்களில் முடிக்கும் வகுப்புகளும் உண்டு. வேலையை விட்டுவிட்டவர்களுக்கு மட்டும்தான் அவற்றைச் சொல்வேன்.

கரிம இரசாயனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரை வெளியே தள்ளும் பாடம் அது. நாம் பழகிய முறை கடந்த ஆண்டுத் தேர்வுத்தாள்களைத் திரட்டி மனப்பாடம் செய்வது. அது அங்கே செல்லாது, ஏனெனில் தேர்வில் வருவது நாம் பார்த்தே இராத மூலக்கூறு. நூற்றுக்கணக்கான வினைகளை மனத்தில் ஏற்றுவதைவிட, ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்பதுதான் வழி. எலக்ட்ரான் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வளைந்த அம்புக்குறி போட வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை. நான் ஒரு வெள்ளைப் பலகை வாங்கிக் குளிர்பதனப்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினேன். தினமும் ஐந்து வினைகளைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து, தவறியதை மறுநாள் மீண்டும் வரைவேன். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்தது போலத்தான் இருக்கும். வெற்றுப் பலகையின் முன் நின்றால்தான் தெரியாதது எது என்று புலப்படும். முதல் பகுதியில் ஏ, இரண்டாம் பகுதியில் பி+. அந்த பி+ என் ஏழு ஏ கணக்கைக் கெடுத்தது. மற்ற ஆறிலும் ஏ வாங்கியும் 3.53-இல் நின்றேன். உடலியங்கியல், மரபியல் என்று மேலும் இரண்டு பாடங்கள் எடுத்து இரண்டிலும் ஏ வாங்கிய பிறகே 3.6-ஐத் தொட்டேன். இரண்டரை ஆண்டில் முடிய வேண்டியது இப்படித்தான் நான்கு ஆண்டாயிற்று.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பேராசிரியரிடம் போய்ப் பேச மாட்டோம். மரியாதை என்று பின் வரிசையில் உட்கார்ந்துவிடுவோம். மருத்துவக் கல்லூரிகளோ அறிவியல் பேராசிரியர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. நூறு பேர் வகுப்பில் முகமே தெரியாத மாணவிக்கு அவர் என்ன எழுதுவார்? மாணவரைச் சந்திக்க அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் வாரம் ஒரு கேள்வியோடு போகத் தொடங்கினேன். முதல் மூன்று வாரம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது.

எம்கேட் நுழைவுத் தேர்வை 2020 ஜனவரியில் எழுதினேன். 2015 முதல் அதில் நான்கு பகுதிகள். மொத்தப் புள்ளி 472 முதல் 528 வரை. உளவியல், சமூகவியலும் வரும். ஆகவே அவற்றில் ஓர் அடிப்படைப் பாடம் எடுப்பது அல்லது சொந்தமாகப் படிப்பது அவசியம். ஒரு பகுதியில் அறிவியலே கிடையாது. 90 நிமிடத்தில் பல உரைப்பகுதிகளை வாசித்து 53 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அறிவியல் மாணவர்கள் நடுங்கும் அந்தப் பகுதியில்தான் எனக்கு அதிகப் புள்ளி. நம் கழகச் சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைக்கட்டுகளை இரவெல்லாம் வாசித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று சண்டை போட்ட பழக்கம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜூனில் 22 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். மூன்று நேர்முகம், ஓர் இடம். 2021-இல் சேர்ந்து 2025-இல் முடித்து, இப்போது குடும்ப மருத்துவத்தில் பயிற்சி மருத்துவர்.

இதைப் படித்துவிட்டு யாரும் விமானச் சீட்டு வாங்கிவிட வேண்டாம். எனக்கு நிரந்தரவாச உரிமை இருந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கும் சிலவற்றிலும் கட்டணத்தை முன்கூட்டியே வைப்பில் போடச் சொல்வதுண்டு. மேலும், பல கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ குறிப்பிட்ட அளவு படித்திருப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. உரிமை இல்லாமல் சான்றிதழ்த் திட்டத்தில் மட்டும் சேர்ந்து பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டதாரிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வழி உண்டு. சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. எத்துறைப் பட்டதாரியும் எம்கேட் அல்லது கேம்சாட் தேர்வெழுதி விண்ணப்பிக்கலாம், நான்காண்டுப் படிப்பு. அதன் பணி ஒப்பந்த விதிகளைக் கையெழுத்திடும் முன் வாசியுங்கள். எந்த நாட்டில் படிப்பதானாலும், திரும்பி வந்து பணியாற்ற எண்ணினால், மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலையும் பாருங்கள்.

தம்பிக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது. அறிவியல் புலத்தில் ஆய்வுக்கூடத்தோடு கூடிய பொது இரசாயனப் பாடம் ஒன்றை விருப்பப் பாடமாக எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதிவுக்கான கடைசி நாளைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பு விலை அதிகம் என்று கவலைப்பட்டிருந்தார். முந்திய பதிப்பே போதும். என்னுடையது அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.