வீட்டுக்குள் ஒரு குடும்பப் படம்

'என் குடும்பம்' பற்றிப் பேச, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு சிறுமி வெறுங்கையோடு வந்தாள். "எல்லாரும் சேர்ந்து எடுத்ததே இல்ல சார்." அவள் அப்பாவுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை இரவில்தான் கல்லாவிக்கு வருவார். அந்த இரவே கேமராவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

முதல் படத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. பிளாஷை நேராக அடித்துவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டியின் முகம் வெளுத்துவிட்டது, பின்னால் நின்ற அப்பாவின் முகம் இருண்டுவிட்டது, சுவரிலோ கரிய நிழல்கள். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். அறிவியல் பாடத்தில் சொல்லித்தருவோம், கேமராவைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுவோம்! எல்லோரையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி உட்காரவைத்தேன்.

அடுத்து, பிளாஷின் தலையைத் திருப்பினேன். வெள்ளையடித்த கான்கிரீட் கூரை என்றால் மேலே அடித்தாலே போதும். இது ஓட்டு வீடு. ஓடு வெளிச்சத்தை விழுங்கிவிடும், திரும்பி வரும் கொஞ்சமும் சிவப்பாக வரும். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை எனக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால் விரித்துக் கட்டி, அதன்மேல் அடித்தேன். சின்ன பிளாஷுக்குப் பதிலாக அகலமான வேட்டியே விளக்கானதால் நிழல்கள் மென்மையாகிவிட்டன. ஷட்டர் 1/60, அபெர்ச்சர் 5.6, ஐஎஸ்ஓ 800.

செல்பேசி மட்டும் இருப்பவர்கள் அதன் பிளாஷை அணைத்துவிடுங்கள். பகலில், திறந்த வாசலைப் பார்த்து எல்லோரையும் உட்காரவையுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் போதும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால், பள்ளியில் கிடக்கும் தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம் பிடிக்கலாம்.

ஸ்னாப்சீடில் திருத்தும்போது, அப்பா கட்டியிருந்த வேட்டியை வெள்ளைக்கு அடையாளமாகத் தொட்டதும் டியூப்லைட்டின் பச்சைச் சாயல் போய்விட்டது. நிழல்களைக் கொஞ்சம் தூக்கினேன். அருகிலிருந்து பார்த்த அம்மா கேட்டார்: "பாப்பாவைக் கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க சார்."

ஒரு காலத்தில் கோடாக் பிலிம் கழுவும் கூடங்களில், வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருந்த 'ஷெர்லி' அட்டையை வைத்துத்தான் தோல் நிறத்தைச் சரிபார்த்தார்கள். அதனால் கறுத்த முகங்கள் விவரமின்றி இருண்டு போயின. இன்றைய கேமராவும் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகத்தை இன்னும் இருட்டாக்கும். "நிறத்துல ஒரு குறையும் இல்லம்மா, வெளிச்சந்தான் பத்தல" என்று சொல்லி, படம் முழுவதையும் சற்று வெளிச்சமாக்கினேன். தோல் நிறத்தைத் தொடவில்லை. அம்மா அரைமனதாகத்தான் தலையாட்டினார்.

திங்களன்று வகுப்பில் அவள் படத்தை எல்லோருக்கும் காட்டினாள். "பாட்டி கையில பச்சை குத்துனதுகூடத் தெரியுது பாருங்க!"

இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி.