பல்லும் சொல்லும்

எழுத்துக்களின் பிறப்பினை மாணவர்க்குக் கற்பிக்குங்கால், ஒலி பிறத்தற்குரிய எட்டு இடங்களுள் பல்லினையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தமையை நாம் எடுத்துரைப்பது வழக்கம். தகர நகரங்கள் நாவானது மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. ஆகவே, 'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்னும் பழமொழி வெறும் நகைமொழியன்று, இலக்கண உண்மையுமாம். பல்லிழந்தார்க்கு இக்கால மருத்துவம் காட்டும் வழிகளுள் ஒன்றாகிய செயற்கைப் பல்வேர் பற்றி ஈண்டுச் சிறிது விளக்க விழைகின்றோம்.

பல் விழுந்தால் இழப்புப் பல்லோடு முடிவதில்லை. மெல்லுங்கால் வேரின் வழியாக இறங்கும் விசையே தாடையெலும்பை உரத்துடன் நிலைநிறுத்துவது. வேர் நீங்கின் அவ்விசையும் நீங்கும். எலும்பு கரையத் தொடங்கும். முதலாண்டிலேயே அக்கரைவு மிகுதி. அயற்பற்கள் வெற்றிடம் நோக்கிச் சாயும். கழற்றி மாட்டும் கட்டுப்பல் முரசின்மேல் அமர்வதேயன்றி எலும்பினுள் ஊன்றுவதில்லை; எலும்பு கரையுந்தோறும் அதுவும் தளரும். இருபுறப் பற்களையும் பற்றி நிற்கும் பாலப்பல்லோ, பழுதற்ற பற்களையும் அராவிக் குறைத்தே பெரும்பாலும் பொருத்தப்படுவது.

இக்குறைகளுக்கு மாற்று, எதிர்பாராத இடத்திலே கிடைத்தது. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பெர் இங்வர் பிரோனமார்க் என்பார் 1950களில், எலும்பு ஆறும் முறையை ஆராயும்பொருட்டு முயலின் காலெலும்பில் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியொன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து அதனை மீட்க முயன்றபோது, எலும்பு அவ்வுலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டமையைக் கண்டார். காற்றுப் பட்டதும் இவ்வுலோகத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகின்றது. அப்படலம் உலோகத்தை அரிப்பினின்றும் காப்பதால், எலும்பின் உயிரணுக்கள் அதனைப் பகையென ஒதுக்காது அணைந்து வளர்கின்றன. 1965ஆம் ஆண்டிலே பிரோனமார்க் முதன்முறையாக மனிதர் ஒருவருக்கு இத்தகைய வேர்களைப் பொருத்தினார். அவர் 2006இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேலாக, அவை பயன்பட்டன. 1982இல் தொறொன்ரோ நகரில் நிகழ்ந்த மாநாட்டின்பின் இம்முறை உலகெங்கும் ஏற்கப்படலாயிற்று.

செயற்கைப் பல் மூன்று உறுப்புடையது: எலும்பினுள் நிற்கும் திருகாணி போன்ற வேர், அதன்மேல் அமையும் இணைப்புத் தண்டு, வெளியே தோன்றும் முடி. வேர் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பும் 10 மில்லிமீற்றர் நீளமும் உடையது. மருத்துவர் முதலிற் படமெடுத்து எலும்பின் அளவை அறிவர். பின் விறைப்பு மருந்திட்டு எலும்பிற் சிறு துளையிடுவர். வெப்பம் 47 பாகை செல்சியசைக் கடந்து நீடித்தால் எலும்பு பழுதுறுமாதலின், உப்பு நீரைப் பாய்ச்சிக் குளிர்வித்துக்கொண்டே துளைப்பர். வேரைப் பதித்தபின் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வரை காத்திருத்தல் வேண்டும். இக்காலத்தில் வேர் மிகுதியாக அசையுமாயின், எலும்பு வளரவேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்து வேர் தளரும். நட்ட நாற்றை நாள்தோறும் அசைப்பவனுக்கு விளைச்சல் ஏது?

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று, பொருட்செலவும் மிக்கது. தாடை வளர்ச்சி முற்றுப்பெறாத இளையோர்க்கு வழக்கமாக இது செய்யப்படுவதில்லை. கட்டுப்படாத நீரிழிவும் புகைப்பழக்கமும் வேர் பொருந்துவதற்குத் தடையாம். செயற்கைப் பல் சொத்தையாகாது என்பது மெய்; ஆயின் அதனைச் சூழ்ந்த முரசும் எலும்பும் அழுக்கினால் அழற்சியுற்றால், உறுதியாய் நின்ற வேரும் வீழும். மேலும், இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி அழுத்தத்தை உணர்த்தும் நார்ப்பிணைப்பு ஒன்றுண்டு. செயற்கை வேருக்கு அது வாய்ப்பதில்லை.

ஆதலின், பல்லிழந்த பழைய மாணவர்கள் காலந்தாழ்த்தாது, எலும்பு கரையுமுன்பே தக்க பல்வைத்தியரை நாடுவாராக. இன்று வகுப்பறையில் இருக்கும் இளைஞர்களோ இயற்கை தந்த முப்பத்திரண்டையும் காலையும் மாலையும் துலக்கிக் காப்பாராக. மருத்துவம் தருவது மாற்றுப் பல்லே. முதற்பல்லுக்கு நிகர் அதுவேயாம்.