நம் காகிதங்களை யார் காப்பது?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் மறைந்தவர்கள் விட்டுச்செல்லும் தாள்களையும் படங்களையும் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் எழுத்தாளரோ ஓவியரோ பறையிசைக் கலைஞரோ இறந்தபின் வீட்டில் என்ன நடக்கிறது? புத்தகங்களையாவது யாராவது கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கடிதம், கையெழுத்துப் பிரதி, துண்டறிக்கை, நெகட்டிவ் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். 1914இல் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் பொது வரலாற்றில் அவர் பெயர் ஒலிக்கவில்லை. அவர் எழுத்தை உயிரோடு வைத்திருந்தது கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. ஜி. அப்பாதுரையார் 1926இல் ‘தமிழன்’ இதழை அங்கிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அன்பு பொன்னோவியம் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்தார். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் திராவிட அரசியலின் தொடக்கம், தமிழ்ப் பௌத்தம் ஆகியவற்றைப் பற்றிய விவாதமே திசைமாறியது. அந்த இதழ்க்கட்டுகளைக் கரையான் அரித்திருந்தால் இன்று பல ஆய்வேடுகள் இல்லை.

காக்கப்படாததற்கும் உதாரணம் உண்டு. டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில் அண்ணல் அம்பேத்கர் விட்டுச்சென்ற காகிதங்களில் ஒரு பகுதி, 1967இல் முற்றத்தில் போடப்பட்டு மழையில் அழிந்தது. மிஞ்சியவற்றையும் வைத்துத்தான் மகாராஷ்டிர அரசு 1979 முதல் தொகுதிகளை வெளியிட்டது.

புகைப்படத்தின் நிலை இன்னும் மோசம். தாள் நனைந்தாலும் சில வரிகளைப் படித்துவிடலாம். படத்தின் மேற்பூச்சு ஈரத்தில் ஒட்டிப் பெயர்ந்தால் முகமே போய்விடும். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னுருவாக்கியிருக்கிறது. நல்ல பணி. ஆனால் எந்த ஆவணக்காப்பகத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படத்துக்குக் கீழே பெயர் எழுதுவது யார்? பண்ணையார் படத்துக்குப் பெயரும் ஊரும் இருக்கும். பக்கத்தில் நிற்கும் நம் தாத்தா ‘கூலியாள்’ ஆகிவிடுவார். அட்டவணையில் பெயர் இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஆவணத்தைக் கொடுக்கும்போது விவரக்குறிப்பையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம், குடும்பத்துக்கு என்ன உரிமை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இதை நெய்வேலியில் பேசக் காரணம் உண்டு. 1956இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கத்துக்காக ஊர்கள் இடம்பெயர்ந்தன. பட்டா இருந்தவருக்குப் பத்திரம் சாட்சி. பட்டா இல்லாத சேரிக்குக் கல்யாணப் படமும் ரேஷன் கார்டும் சங்கத்தின் துண்டறிக்கையும்தான் சாட்சி. என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு படம் இருந்தது. நான் எம்.ஏ. படிக்கும்போது ஒட்டும் ஆல்பத்தில் வைத்தேன். பசை படிந்து மஞ்சளாகி, பின்னால் நிற்பவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்கள் யாரென்று கேட்க இப்போது அம்மாவும் இல்லை.

மாணவர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. படத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டும் ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்காமல், முதலில் அப்படியே படம் எடுத்து வையுங்கள். அமிலமில்லாத காகித உறையில், நெகட்டிவைத் தனியாக வையுங்கள். பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். ஸ்கேன் செய்தபின் அசலைத் தூக்கி எறியாதீர்கள். முக்கியமாக, பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் கேளுங்கள்.

தங்கவயலின் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே அச்சான எழுத்து இன்றும் நம் கையில் இருக்கிறது. இந்தச் சுரங்க ஊரும் அதைச் செய்ய வேண்டும்.

ஜெய்பீம்.