பேச்சுப் பழக்கவும் ஒரு பட்டப்படிப்பு

"அப்பனும் லேட்டாத்தான் பேசுனான், இவனும் தானா பேசிருவான்" என்று லயங்களில் சொல்வதுண்டு. அப்படி விட்டுவிடக் கூடாது. இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையைப் பற்றி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும்.

திக்குவாய், அண்ணப் பிளவு, பாரிசவாதத்தால் போன பேச்சு, விழுங்க முடியாமை ஆகியவற்றுக்கும் இவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள்.

இந்தப் படிப்பைக் களனிப் பல்கலைக்கழகம் 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கியது. 2008 முதல் ராகமை மருத்துவ பீடத்தில் இது நான்கு வருடப் பட்டப்படிப்பாக நடக்கிறது. நாக்கு, தொண்டை, காது வேலை செய்யும் விதத்தையும், பிள்ளை மொழி பழகும் விதத்தையும் படிக்கிறார்கள். பிறகு கிளினிக்கில் ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளரைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

தமிழ் பேசும் சிகிச்சையாளர்களோ மிகக் குறைவு. பேச்சைப் பழக்க, பிள்ளை வீட்டில் கேட்கும் மொழியே வேண்டும். "கொழுந்து", "பிள்ளைக்காம்பரா" என்றால் சட்டென்று விளங்கிக்கொள்ளும் ஆள் வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளைகளே, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இந்தப் பாடநெறியையும் எழுதுங்கள். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் இப்போதே ஆங்கிலத்தைப் பழகுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

டாக்டர், டீச்சர் என்று ஆசைப்படும் பெற்றோரே, இதையும் கேட்டு வையுங்கள். பேசாத நம்ம பிள்ளைக்கு நம்ம தமிழிலேயே பேச்சுப் பழக்க, நம்மிலிருந்தே ஒருவர் வரட்டும்.