அந்தாதியில் கோத்த காசு

சித்தூரில் என் சித்தி வீட்டுப் பரண் வருஷத்துக்கு ஒருமுறை, போகிக்கு முந்தின வாரம் காலியாகும். 2017 ஜனவரியில் அப்படிக் காலியானபோது, எடைக்குப் போட்ட பழைய புத்தகங்களோடு சித்தப்பா மகனின் கல்லூரி நோட்டு ஒன்றும் போய்விட்டது. பாதிக்குமேல் எழுதாத நோட்டு. கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலால், வரிசை எண் போட்டு, பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் இருந்தன. ஏணி, ஆறு, குடை என்பதுபோல ஒன்றோடொன்று ஒட்டாத, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைகள். யார் பார்த்திருந்தாலும் கிறுக்கல் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளும் சேர்ந்தால் ஒரு சாவி. 2015 ஜூலையில், திருப்பதியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, அவன் 2,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கியிருந்தான். அப்போது ஒரு பிட்காயின் 15,000 ரூபாய்க்கும் 20,000 ரூபாய்க்கும் நடுவில் விற்றது. அவனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. வாங்கினான், தன் போனுக்கு மாற்றினான், மறந்தான். போனும் பழுதாகி மாறிவிட்டது. 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 12 லட்சத்தைத் தாண்டியதும் ஞாபகம் வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். பிறகு எனக்கு போன் செய்தான். "அண்ணா, பன்னெண்டே வார்த்தைண்ணா" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

போன் போனால் பணம் போகுமா, நோட்டுக்குள் எப்படிப் பணம் இருக்கும் என்று அன்றைக்குச் சித்தி கேட்டார். பிட்காயினைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கேள்வி கிடையாது. பணம் போனிலும் இல்லை, நோட்டிலும் இல்லை. பிறகு எங்கேதான் இருக்கிறது?

சித்தூரில் சீட்டுக் கட்டாத தெரு இல்லை. இருபது பேர் மாதாமாதம் பணம் போடுகிறார்கள். யார் கட்டினார், யார் எடுத்தார், யார் பாக்கி என்பதெல்லாம் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கணக்கு நோட்டில் இருக்கிறது. அக்கா நேர்மையாக இருக்கும்வரை கணக்கும் நேராக இருக்கும். ஒருநாள் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் இருபது பேரும் தெருவில் நிற்பார்கள். வங்கியும் இதே ஏற்பாடுதான். நம் பெயருக்கு நேரே இவ்வளவு என்று எழுதிய ஒரு கணக்கு, அதை எழுதவும் திருத்தவும் உரிமை உள்ள ஒருவர். அந்த ஒருவருக்குப் பின்னால் அரசும் சட்டமும் நிற்கின்றன என்பதுதான் வேறுபாடு.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி கவிழ்ந்தது. அடுத்த மாதம் 31-ஆம் தேதி, சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. கட்டுரையின் கருத்தைச் சீட்டுக் கணக்கிலேயே சொல்லிவிடலாம்: நோட்டை அக்காவிடம் மட்டும் வைக்காதீர்கள், இருபது பேரிடமும் ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும். யார் யாருக்குக் கொடுத்தாலும் இருபது நோட்டிலும் அது ஏறட்டும். 2009 ஜனவரி 3 அன்று அந்தக் கணக்கின் முதல் பக்கம் எழுதப்பட்டது. வங்கிகளை இரண்டாம் முறை தூக்கிவிட அரசு தயாராகிறது என்ற அன்றைய லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் தலைப்புச் செய்தியையும் சடோஷி அந்தப் பக்கத்திலேயே பொதிந்து வைத்தார். பிட்காயின் எந்தக் கோபத்தில் பிறந்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

கணக்கை ஊரறிய வைப்பது நமக்குப் புதிதல்ல. பல்லவ அரசி சாமவை திருமலைக் கோயிலுக்குக் கொடுத்த வெள்ளித் திருமேனியும் நிலமும் சுவரில் கல்லெழுத்தாக நிற்கின்றன. யார் எதைக் கொடுத்தார், அதிலிருந்து என்ன நடக்க வேண்டும் என்பதை வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கலாம். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில்தான் இருக்கிறது.

ஆனால் கல் ஒன்றுதான், நோட்டு இருபது. இருபதில் ஒருவர் தன் பிரதியில் ஓர் எண்ணைத் திருத்திவிட்டு, இதுதான் சரி என்று சாதித்தால்? பிட்காயினின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். ஏனென்றால் அது அந்தாதி.

வேங்கடத்தைப் பாடிய முதலாழ்வார்கள் மூவரும் அந்தாதியாகத்தான் பாடினார்கள், ஆளுக்கு நூறு பாட்டு. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்தது தொடங்கும். ஏடுகள் கறையானுக்குப் போன காலத்தில் இது பெரிய பாதுகாப்பு. நடுவில் ஒரு பாட்டை யாராவது விட்டாலும், இடம் மாற்றினாலும், புதிதாக ஒன்றைச் செருகினாலும் தொடர்ச்சி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். பிட்காயின் கணக்கின் பக்கங்களும் அப்படித்தான் கோக்கப்படுகின்றன. ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. அதற்கு 'பிளாக்' என்று பெயர். ஒவ்வொரு பிளாக்கும் முந்தின பிளாக்கின் அடையாளத்தைத் தன் தலையில் தாங்கித் தொடங்குகிறது. பிளாக்செயின் என்று எல்லாரும் சொல்வது இந்தக் கோவையைத்தான்.

அந்த அடையாளம் எப்படி உண்டாகிறது? ஷா-256 என்று ஒரு கணித முறை இருக்கிறது. அதற்குள் ஒரு சொல்லைப் போட்டாலும் ஒரு முழுப் புத்தகத்தைப் போட்டாலும் 64 எழுத்து நீளத்தில் ஒரே அளவான அடையாளம் வெளியே வரும். புத்தகத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். ஆகவே 2015-இல் எழுதிய பக்கத்தில் ஒரு பைசாவைத் திருத்தினால் அதன் அடையாளம் மாறும். அடுத்த பக்கத்தின் தலை பொருந்தாது, அதற்கடுத்ததும் பொருந்தாது, இன்றைய பக்கம்வரை அத்தனையும் அறுந்துவிடும்.

அப்படியானால் எல்லாப் பக்கங்களையும் புதிதாகக் கோத்துவிடலாமே என்று தோன்றும். அதைத் தடுக்கத்தான் 'மைனிங்'. ஒரு பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறவர், அதன் அடையாளம் இத்தனை சுழியங்களில் தொடங்கும்வரை ஒரு சிறு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. உலகெங்கும் இதற்கென்றே செய்த இயந்திரங்கள் வினாடிக்குக் கோடானுகோடி முறை குலுக்கிப் பார்க்கின்றன. முதலில் பொருத்தம் விழுந்தவருடைய பக்கம் ஏறுகிறது, அவருக்குப் புதுப் பிட்காயின் கூலியாகக் கிடைக்கிறது. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 என்று இருந்த கூலி, 2,10,000 பக்கங்களுக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அது 3.125. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்குமேல் பிட்காயின் வராது, அதில் ஏறக்குறைய 95 சதவீதம் வந்துவிட்டது. பழைய கணக்கைத் திருத்த நினைப்பவன் உலகம் இத்தனை வருஷம் குலுக்கியதைத் தனியாளாகக் குலுக்கியாக வேண்டும். இந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை மின்சாரம். ஒரு நடுத்தர நாடு செலவழிக்கும் அளவுக்கு இதில் எரிகிறது. அதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது உறுத்துகிறது.

இப்போது சித்தியின் கேள்விக்கு வரலாம். சித்தப்பா மகனின் எட்டில் ஒரு பங்கு, உலகம் முழுதும் பிரதி எடுத்த அந்தக் கணக்கில், ஒரு முகவரிக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. பெயர் கிடையாது, ஆதார் கிடையாது. அதை இன்னொரு முகவரிக்கு மாற்று என்று கையெழுத்திடும் அதிகாரம் சாவிக்கு மட்டுமே உண்டு. சாவி மிகப் பெரிய எண் என்பதால் மனிதர் எழுதிவைக்க வசதியாக, 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டை எடுத்து வரிசையாகத் தருகிறார்கள். சின்னச் சொற்கள்தானே, முயன்றால் கண்டுபிடித்துவிடலாமே என்று அவனும் நானும் ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சரியான வரிசைகளின் எண்ணிக்கை 39 இலக்கம். பேனாவை மூடிவைத்தோம்.

வங்கியில் கடவுச்சொல் மறந்தால் கிளைக்குப் போகலாம், மேலாளரிடம் கெஞ்சலாம், எழுதிக் கொடுக்கலாம். இங்கே போவதற்கு வாசல் இல்லை. இப்படி அகப்பட்டவன் அவன் மட்டுமல்ல. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் நியூபோர்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் பிட்காயின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013-இல் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. அதைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் பல ஆண்டுகள் போராடினார். அக்காவை வேண்டாம் என்று வைத்ததால் கிடைத்த சுதந்திரமும், தொலைத்தவன் முறையிட ஆளில்லாத நிலையும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது. பிட்காயினைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இதுதான்.

இதைக் காசாகப் புழங்கியவர்கள் உண்டா? 2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெச் என்ற நிரலாளர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா சாப்பிட்டார். நம் பக்கத்தில் இந்த ஆர்வம் பெங்களூரிலிருந்து பரவியது. சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரம்தான். 2013-இல் அங்கே யூனோகாயின் என்ற பிட்காயின் வாங்கி விற்கும் நிறுவனம் தொடங்கியது, டிசம்பரில் ஒரு பிட்காயின் மாநாடும் நடந்தது. அந்த டிசம்பர் 24-ஆம் தேதியே ரிசர்வ் வங்கி முதல் எச்சரிக்கையை வெளியிட்டது. 2018 ஏப்ரலில் வங்கிகள் இந்த வியாபாரத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அக்டோபரில் பெங்களூர் வணிக வளாகம் ஒன்றில் யூனோகாயின் வைத்த பணம் போடும் இயந்திரத்தைப் போலீஸ் தூக்கிச் சென்றது, நிறுவனர்கள் கைதானார்கள். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் தடையை நீக்கியது.

அந்த முதல் ஆட்களைப் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கடப்பை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் நடுவில் கழியும் கமிஷன் இல்லாமல் போகும், ஞாயிற்றுக்கிழமை இரவிலும் பணம் வரும் என்று திருப்பதி விடுதி அறையில் சித்தப்பா மகனும் அவன் நண்பர்களும் விடிய விடியப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சில் விலை வரவே இல்லை.

நடைமுறை வேறாக இருந்தது. 2017 டிசம்பரில் நானும் ஆசைப்பட்டுக் கொஞ்சம் வாங்கினேன். திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில், அவனுடைய புதுப் போனுக்கு 500 ரூபாய் அனுப்பிப் பார்த்தோம். அவன் போனில் தெரிந்த க்யூஆர் கட்டத்தை என் போன் படித்துக்கொண்டது. எவ்வளவு கட்டணம் தருகிறாய் என்று கேட்டது. மைனிங் செய்பவர்கள் கூடுதல் கட்டணம் தருபவரைத்தான் முதலில் ஏற்றுவார்கள், அந்த மாதம் கூட்டம் அலைமோதியது. சில நாட்களில் சராசரிக் கட்டணமே 50 டாலரைத் தாண்டியது. நான் இருப்பதிலேயே குறைந்ததைத் தேர்ந்தேன். அவன் திரையில் சாம்பல் நிறத்தில் 'இன்னும் உறுதியாகவில்லை' என்று ஒரு வரி வந்தது. இரண்டு டீ குடித்தோம். சித்தூர் பஸ் வந்தது, ஏறிவிட்டோம். மூன்றாம் நாள் விடியற்காலையில்தான் அந்த வரி பச்சையானது.

பிட்காயின் கணக்கில் வினாடிக்கு ஏழு பரிமாற்றம்போலத்தான் ஏறும். லைட்னிங் என்ற மேலடுக்கு வந்து சின்னத் தொகைகளை நொடியில் அனுப்ப வழி செய்திருக்கிறது. அதற்குள் இந்தியாவில் யூபிஐ அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. 2016-இல் தொடங்கிய அது 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. அதே டீக்கடையில் இன்றைக்கு ஒரு டீக்கு போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே நம் ஊரில் பிட்காயின் செலவழிக்கிற காசாக ஆகவில்லை, வாங்கி வைக்கிற பொருளாகத்தான் ஆனது. வைக்கிறவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு வார்த்தைக்குப் பயந்து சாவியை எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நிறுவனங்களிடமே விட்டுவிடுகிறார்கள். அதாவது அக்கா வேண்டாம் என்று எழுதத் தொடங்கிய கணக்கு, சுற்றிவந்து மறுபடி ஓர் அக்காவின் கைக்கே போகிறது. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் கவிழ்ந்தபோது ஏறக்குறைய 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றார்கள், அதில் 2,00,000 பிறகு கிடைத்தது. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸில் 23 கோடி டாலருக்குமேல் களவு போனது. அதில் கணக்கு முடங்கிய ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சட்டத்தின் பார்வையில் சொத்து, அதை ஒருவர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்தார். முறையிட ஒரு வாசல் அங்கே திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் அக்காவிடம் கொடுத்தவர்களுக்கு, நோட்டை எடைக்குப் போட்டவர்களுக்கு அல்ல.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில. லாபத்தில் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் பிடிப்பார்கள். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட விலை ஒரே வருஷத்தில் 16,000-க்கு இறங்கியது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை இதில் போடாதீர்கள். மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாதம் 10 சதவீதம் என்று சொல்லித்தான் கெயின்பிட்காயின் நாடு முழுதும் ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தை விழுங்கியது. பன்னிரண்டு வார்த்தையை போனில் படம் எடுக்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். இரண்டு காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள். அது என்ன காகிதம் என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

சித்தப்பா மகனிடம் இன்று சாவி இல்லை, ஆனால் முகவரி இருக்கிறது. 2015-இல் அவன் வாங்கிய இடத்திலிருந்து வந்த பழைய மின்னஞ்சலில் அது கிடைத்தது. கணக்கு எல்லாருக்கும் திறந்ததுதானே, யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். போன போகிக்குச் சித்தூர் போயிருந்தபோது காட்டினான். உள்ளே வந்தது ஒரு முறை, 2015 ஜூலை. வெளியே போனது என்ற இடம் காலி. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த நோட்டுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.